‘இடம்பெயராது’ என்று ஒரு குறி

1

இந்த மாதத்தோடு நாங்கள் ஜெர்மனிக்குக் குடிவந்து இரண்டு வருஷம் முடிகிறது. அதைக் கொண்டாட கவிதா கேசரி கிளறினாள். ரவை இந்த ஊர் ரவை, நெய் இந்த ஊர் வெண்ணெயை உருக்கி எடுத்தது. ஏழு வயது மகள் இலக்கியா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, ரொம்ப இனிக்கிறது என்று ஜெர்மன் மொழியில் சொல்லித் தட்டைத் தள்ளிவைத்தாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் அவளிடமிருந்து ஜெர்மனில்தான் பதில் வருகிறது. அடம்பிடித்து அழும்போது மட்டும் தமிழில் அழுகிறாள். அந்த மட்டுக்கும் மொழி பிழைத்தது என்று நானும் கவிதாவும் சிரித்துக்கொள்கிறோம்.

ஊரில், அதாவது கள்ளக்குறிச்சியை அடுத்த வடக்கனந்தலில், என்னைத் தெரிந்தவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி, “குளுரு எப்டிடா?” இரண்டாவது, “அங்க இன்னாதான் வேல பாக்கற?” குளிரைச் சொல்லிவிடலாம். வேலையைச் சொல்லத்தான் எனக்கு வாய் வராது. கம்ப்யூட்டர் என்று ஒரு வார்த்தையில் தப்பித்துக்கொள்வேன். ஆனால் இந்த மாதம் என் வேலையும் அம்மாவின் விஷயமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், கஷ்டமான சமாச்சாரம் இல்லை.

ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல சின்னக் கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கலாம். அவை கையால் தொடக்கூடிய பெட்டிகள் அல்ல, மென்பொருளால் ஆனவை. வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக்குடித்தனம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பெரிய கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்க வேண்டி வந்தால், உள்ளே இருப்பவற்றை இன்னொரு பெரிய கம்ப்யூட்டருக்கு மாற்றவேண்டும். நிறுத்திவிட்டு மாற்றுவது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வெள்ளிமலைக்கு ஏறுகிற பஸ் பாதி மலையில் மக்கர் பண்ணினால் எல்லாரையும் இறக்கி அடுத்த பஸ்ஸில் ஏற்றுவார்கள், இல்லையா? எங்கள் மென்பொருள், தூங்குகிறவர்களை எழுப்பாமலே பஸ் மாற்றிவிடும். அதை எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

2

இதில் ஒரு வில்லங்கம் உண்டு.

உள்ளே இருக்கும் மெஷின் பொதுவாக எந்தச் சாதனத்தையும் நேராகத் தொடாது. நெட்வொர்க் வேண்டுமா, டிஸ்க் வேண்டுமா, எங்கள் மென்பொருளிடம் கேட்கும். நாங்கள் வாங்கிக் கொடுப்போம். எல்லாம் எங்கள் கை வழியாகவே போய்வருவதால் எது எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு அத்துப்படி. மாற்றும்போது மூட்டை கட்டிவிடலாம். ஆனால் சில வேலைகளுக்கு இப்படிக் கேட்டு வாங்குகிற வேகம் பற்றாது. அப்போது கையால் தொடக்கூடிய நிஜமான ஒரு ஹார்ட்வேர் கார்டையே எடுத்து அந்த மெஷினிடம் நேராகக் கொடுத்துவிடுவோம். பாஸ்த்ரூ என்று அதற்குப் பெயர். அதன்பிறகு அந்த மெஷினும் கார்டும் தங்களுக்குள் பேசிக்கொள்வது எதுவும் எங்கள் காதுக்கு எட்டாது. கார்டுக்குள் என்ன இருக்கிறது, எந்த வேலை பாதியில் நிற்கிறது, ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி மூட்டை கட்டுவது? சில புதுக் கார்டுகள் தங்கள் நிலைமையைத் தாங்களே சொல்லப் பழகியிருக்கின்றன. பெரும்பாலானவை சொல்வதில்லை.

ஆகவே அப்படிப்பட்ட சாதனத்துக்கு ‘இது இடம்பெயராது’ என்று ஒரு குறி போடவேண்டும். நிரலில் ஒரே ஒரு வரிதான். அந்த வரி இருந்தால், மாற்றச் சொன்ன உடனேயே மென்பொருள் முடியாது என்று சொல்லிவிடும். அந்த வரி இல்லையென்றால் அது பாட்டுக்கு மாற்ற ஆரம்பித்துவிடும். ஏனென்றால், குறி போடாதவரை எல்லாமே பெயரக்கூடியவை என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். யாரோ எந்தக் காலத்திலோ அப்படி எழுதிவைத்துவிட்டார்கள், நாங்களும் மாற்றவில்லை.

புதிதாகச் சேர்த்த ஒரு வகைச் சாதனத்துக்கு அந்த வரியைப் போட நாங்கள் எல்லாருமே மறந்துபோனோம். வாடிக்கையாளர் ஒருவர் அப்படியொரு மெஷினை மாற்றக் கொடுத்தார். மாற்றம் ஆரம்பமானது. நினைவகம் மொத்தமும் நகர்ந்தது. எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே திரையில் தெரிந்தது. கடைசி நொடியில், அந்தப் பக்கம் கண்விழித்த மெஷின் தன் கார்டைத் தேடியது, காணோம். அப்படியே உறைந்துவிட்டது. இந்தப் பக்கம் இருந்த பழைய மெஷினையும் அதற்குள் அழித்தாகிவிட்டது. பாவம், நாள்கணக்காக ஓட்டிவைத்திருந்த கணக்கீட்டை அந்த வாடிக்கையாளர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அதைச் சரிசெய்கிற வேலை என் தலையில் விழுந்தது.

3

அதே நாட்களில் நான் என் அம்மாவை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் பெயர் அஞ்சலை. நான் ஒரே பிள்ளை. அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்ச்சேர்ந்துவிட்டார். எங்களுக்கு நிலம் நீச்சு எதுவும் கிடையாது. அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போய்த்தான் என்னைப் படிக்கவைத்தாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் வீடியோ காலில் பேசும்போது அவள் இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தேகம் தட்டியது.

“வலது கைய காட்டு” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“காட்டும்மா.”

சத்தம் போட்ட பிறகுதான் காட்டினாள். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. வரப்பில் வழுக்கி விழுந்திருக்கிறாள், கட்டுப் போட்டே ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குக் கோபம் எப்போதுமே மூக்குக்கு மேல்தான். “நீ இனிமே அங்க தனியா இருக்கக் கூடாது. இங்க வந்துடு. அவ்ளோதான்” என்று கத்தினேன்.

“சரிப்பா” என்றாள்.

அந்தச் ‘சரிப்பா’வைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். என்னைப்போல் வேலைக்கு வந்தவர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள இங்கே இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. திறந்திருக்கிறது என்று காகிதத்தில் இருக்கிறது. நேரில் போனால், அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எங்கே என்று கேட்டார்கள். காப்பீட்டுக்காரர்களிடம் போனால், முதலில் குடியேற்ற அலுவலகத்தின் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். ரேஷன் கார்டில் அஞ்சலை, ஆதாரில் அஞ்சலையம்மாள், இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டார்கள். பிறந்த தேதிக்கு என்ன ஆதாரம் என்றார்கள். பெரிய புயல் அடித்த வருஷம் பிறந்தவள் என்பதை ஜெர்மனியில் எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது?

என் ஜெர்மன் மொழியும் தன் பங்குக்கு மானத்தை வாங்கியது. அந்த மொழியில் ‘வோனென்’ என்றால் குடியிருப்பது, ‘வைனென்’ என்றால் அழுவது. அம்மா எங்களோடு குடியிருப்பாள் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, அம்மா எங்களோடு அழுவாள் என்று அலுவலகத்தில் திடமாகச் சொன்னேன். எதிரே இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அப்படி நடக்காது என்று நம்புவோம் என்றார். நல்ல மனுஷி. அடுத்த முறை அவரே எனக்காக வேறு அறைக்குப் போன் பண்ணிக் கேட்டார்.

விசாவுக்கு விரல்ரேகை வைக்க அம்மா சென்னைக்குப் போனாள். கூட நடவுக்குப் போகிற தனமும் துணைக்குப் போனாள். தனத்தை நான் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன், தூரத்து உறவு. மெஷினில் அம்மாவின் ரேகை விழவே இல்லை. துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். “நாத்து புடிச்சிப் புடிச்சி ரேகையெல்லாம் தேஞ்சி போச்சிங்க, எங்க ஊரு ரேஷன் கடையிலயே வுழாதுங்க” என்று தனம் சின்னம்மா அந்த அதிகாரியிடம் வக்காலத்து வாங்கியிருக்கிறாள். ஒருவழியாக விழுந்தது.

விசா வந்தது. டிக்கெட் போட்டேன். இலக்கியா தன் அலமாரியில் பாதியைக் காலிபண்ணி, கதவில் நட்சத்திரம் ஒட்டி, “ஆயாவுக்கு” என்றாள். அந்த ஒரு வார்த்தை தமிழில் வந்ததில் கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சேலம் பக்கத்துப் பெண் அவள், சதா நாலு பேர் புழங்குகிற வீட்டில் வளர்ந்தவள். அத்தை வந்தால் வீட்டில் ஒரு பேச்சுச்சத்தம் இருக்கும் என்று என்னைவிட அவள்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

4

அம்மா சும்மா நடவுக்குப் போகிற ஆள் இல்லை. ஆள் கூப்பிடுகிறவள்.

கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் நடவு, களையெடுப்பு, மரவள்ளி பிடுங்குவது எதுவானாலும் ஓரிரு நாள் முன்பே சாயங்காலத்தில் அம்மாவிடம் வந்து சொல்லிவிடுவார்கள். அவள் எழுந்து தெருவில் ஒரு நடை போவாள். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டில் விசேஷம், யாரை யார் பக்கத்தில் நிறுத்தினால் சண்டை வரும், எல்லாம் அவளுக்குத் தெரியும். காலையில் பன்னிரண்டு பெண்கள் மூன்று ரோடு கூடுகிற முக்கூட்டில் வந்து நிற்பார்கள். ஏக்கர் கணக்குக்குப் பேசி, வந்ததைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். நடவு மும்முரத்தில் வெள்ளிமலையிலிருந்து இரண்டு பெண்கள் ஜீப் பிடித்து இறங்கிவந்து அம்மா வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போவார்கள். நான் அனுப்பிய பணத்தில் கட்டிய காங்கிரீட் மெத்தை வீட்டில் அம்மா ஒரு மூலையில்தான் படுத்திருப்பாள். மீதி இடமெல்லாம் அவர்களுடைய பையும் பாயும்.

எனக்கு இதெல்லாம் கஷ்டமாகத்தான் தெரிந்தது. மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அம்மா இன்னமும் சேற்றில் இறங்குகிறாள் என்றால் எப்படி இருக்கும்? உழைத்தது போதும், வந்து காலை நீட்டி உட்காரட்டும் என்று நினைத்தேன். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று இப்போதும்கூட ஒரு மனசு கேட்கிறது.

ஒவ்வொரு கட்டத்திலும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேதான் வந்தேன். காப்பீடு கிடைத்துவிட்டது. “சரிப்பா.” விசா வந்துவிட்டது. “சரிப்பா.” டிக்கெட் போட்டுவிட்டேன், அடுத்த மாதம் நானே வந்து கூட்டிப்போகிறேன். “சரிப்பா. புள்ள சாப்ட்டாளா?”

எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருந்தது.

5

அலுவலகத்தில் என் திருத்தத்தைச் சரிபார்த்தவள் அக்னீஷ்கா. போலந்துக்காரி, என் வயதுதான், என்னைப்போலவே பிழைக்க வந்தவள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துக் குறை சொன்ன பிறகுதான் எதையும் சேர்க்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். குறை சொல்வதில் அவளுக்கு ஈடு கிடையாது.

ஒரு வரிதானே என்று நான் குறியைப் போட்டு அனுப்பிவிட்டேன். ‘மாற்ற முடியாது’ என்று ஒரு பிழைச்செய்தியும் சேர்த்திருந்தேன். அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். காபி மெஷின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

“ஒரு வரியில் என்ன குறை கண்டுவிட்டாய்?”

“வரி சரி. செய்திதான் சரியில்லை. எதனால் முடியாது என்று அதில் இல்லையே. இந்த மெஷினிடம் இந்தக் கார்டு நேராகக் கையில் இருக்கிறது, அதனால் பெயராது என்று சொல்லவேண்டாமா? இல்லாவிட்டால் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.”

“சரி, சேர்க்கிறேன்.”

“அதோடு, கேட்ட அந்த நொடியிலேயே சொல்லவேண்டும். பாதி தூரம் போனபிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை.”

அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. கார்டைக் கழற்றிவிட்டு மெஷினை மாற்றி, அந்தப் பக்கம் வேறு கார்டைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். செய்யலாம் என்றாள். ஆனால் உள்ளே இருக்கும் மெஷின் தானாகக் கார்டை விடவேண்டும், நாம் வெளியே இருந்து பிடுங்கினால் இரண்டும் கெடும் என்றாள். எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அன்று வாயை மூடிக்கொண்டு போய்ச் செய்தியை மாற்றி எழுதினேன். எந்தச் சாதனம், என்ன காரணம், வேண்டுமானால் என்ன செய்யலாம், மூன்றும் இருந்தன. அக்னீஷ்கா ஒப்புக்கொண்டாள்.

6

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அங்கே சாயங்காலம். அம்மா போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குளிருக்கு மேல்சட்டை வாங்கிவைத்திருக்கிறேன், ஷூ அளவு மட்டும் தெரியவேண்டும் என்றேன். “எதுனா ஒண்ணு வாங்குப்பா” என்றாள். அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

“அஞ்சலம்மா, இருக்கிறியாம்மா?” நிலக்காரர் ஒருவர். குரல் எனக்கும் பழக்கம்தான்.

“வாங்க, வாங்க. இன்னா சேதி?”

“நாளான்னிக்கு நடவுக்கு ஆள் வேணும்மா. நாத்து முத்திப் போவுது.”

“எத்தினி ஏக்கருங்க?”

“ரெண்டு. கம்மியாதான்.”

“எத்தினி மணிக்கு வரட்டும்? கெழக்கால மோட்டார் கொட்டாய்க்கா, அந்தாண்ட புது போர்வெல்லுக்கா? நாத்து கட்டு நாங்க தூக்கணுமா, நீங்களே வரப்புல போட்டுடறீங்களா?”

அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அம்மா சத்தமாகக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என்னிடம் பேசும்போது இல்லாத ஒரு தெம்பு அந்தக் குரலில் இருந்தது. ஷூ அளவு குறிக்க எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கூலி வேலைக்கு ஆள் கேட்டு வருகிறவரிடம் யாரும் வாயால் முடியாது என்று சொல்வதில்லை. நிலம் அவருடையது, நாளைக்கும் அவரிடம்தான் போய் நிற்கவேண்டும். சரிங்க என்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், வீட்டு நலம் விசாரிப்பார்கள். ஆனால் வருகிறவள் என்றால் கட்டாயம் கேட்பாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு என்று. மணி கேட்கவில்லை என்றால் ஆள் வராது. நிலக்காரருக்கும் இது தெரியும். மணி கேட்காத வீட்டிலிருந்து தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துபோய் வேறு கோஷ்டியைப் பார்த்துக்கொள்வார். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை, யாரும் யாரையும் மறுத்துப் பேசியதும் இல்லை. கைக்குழந்தைக்குக்கூட எங்கள் தெருவில் இது தெரியும். எனக்குத் தெரியாதா?

மாசக்கணக்காக நான் சொன்ன எதற்கும் அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை. மீனம்பாக்கத்துக்கு எப்படிப் போவது என்று கேட்கவில்லை. எத்தனை புடவை எடுத்துவரட்டும் என்று கேட்கவில்லை. இலக்கியா சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டாள். நான் வாயில் வந்த சரியைக் கணக்கில் வைத்துக்கொண்டு, விசா வரைக்கும் போய்விட்டேன்.

“அப்பறம் பேசறேம்மா” என்று போனை வைத்துவிட்டேன்.

கவிதாவிடம் சொன்னேன். நம்பவில்லை. “நீங்களா ஏதாவது நெனச்சுக்காதீங்க” என்றாள். பிறகு யோசித்தாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது. “வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? இத்தனை அலைச்சல், அந்தப் புள்ள வேற அலமாரிய ஒழிச்சு வெச்சிருக்கு.”

“அவங்களுக்குச் சொல்லிப் பழக்கமில்ல” என்றேன்.

“நீங்க கேட்டிருக்கலாமே?”

கேட்கவில்லைதான். வந்துடு என்று சொன்னேனே தவிர, வருகிறாயா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பாத்திரம் தேய்க்கப் போன கவிதா குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

7

மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“ம்மா, ஒண்ணு கேக்கறேன். சரின்னு மட்டும் சொல்லாத.”

“இன்னாடா, பீடிக பலமா இருக்குது?”

“உனக்கு இங்க வர இஷ்டமா, இல்லியா?”

அம்மா முடியை அள்ளி முடிந்துகொண்டாள். யாரோ தெருவில் ஆட்டை விரட்டுகிற சத்தம் கேட்டது.

“டிக்கெட்டு போட்டுட்டன்னு சொன்னியே” என்றாள்.

“டிக்கெட் கெடக்கட்டும்.”

“அந்தப் பேப்பருக்கு அவ்ளோ அலஞ்சியே, கண்ணு.”

“அதுவும் கெடக்கட்டும். எதனாலன்னு சொல்லு. காலு வலி, குளுரு ஒத்துக்காது, அதெல்லாம் வேணாம். நெசத்த சொல்லு.”

“சொன்னா வருத்தப்படுவ.”

“படமாட்டேன்.”

“பொய்யி” என்று சிரித்தாள். பிறகு சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“ஒங்கப்பன் போன புதுசுல விடிகாலம் எழுந்து முக்கூட்டுல போய் நிப்பேன். எவனாச்சும் ‘ஏ அஞ்சல, வா’ன்னு கூப்ட மாட்டானான்னு பாத்துகினு. கூப்ட்டா அன்னிக்கு அடுப்பு எரியும். கூப்டலன்னா வந்து படுத்துக்குவேன். நீ பள்ளிக்கூடம் போயிருப்ப, உனக்குத் தெரியாது. இப்ப அப்டியா? வூட்டாண்ட வந்து நின்னுகினு ‘அஞ்சலம்மா, ஆள் வேணும்மா’ன்றாங்க. நான் ஒரு கொரல் குடுத்தா பன்னெண்டு பொம்பளைங்க வர்றாளுங்க. இதுக்கு எனக்கு இத்தினி வருசம் ஆச்சிடா. அங்க வந்து மறுபடியும் எவரு கூப்டுவாங்கன்னு குந்திகினு இருக்கணுமா? வெளிய போவணும்னா நீ இட்டுகினு போவணும். கடைக்குப் போவணும்னா கவிதா இட்டுகினு போவணும். அந்தப் புள்ள பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அதுக்குப் புரியல. சோறு இருக்கும், இல்லன்னு சொல்லல. நீயும் நல்லாதான் வெச்சிக்குவ. நான் இன்னாடா பண்ணுவேன் அங்க?”

வருத்தப்படமாட்டேன் என்று சொன்னவன் வருத்தப்பட்டேன். விட்டுக்கொடுக்க மனசு வராமல் கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

“அன்னிக்கு விழுந்தியே. மறுபடியும் விழுந்தா?”

“வுழுந்தேன். ரோடு வரைக்கும் என்னைத் தோள்ல சாச்சிகினு வந்தது யாரு? தனம். ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனது, கட்டு போட்டு முடியறவரைக்கும் பக்கத்துலயே நின்னது, எல்லாம் இவளுங்கதான். மலையில இருந்து வர்ற ரெண்டு பேரும் கட்டு பிரிக்கிறவரைக்கும் எனக்குத் தலை வாரி, பின்னி வுட்டாளுங்க. நடவப்போ நான் சும்மா வரப்புல குந்திகினு இருந்தேன். எம் பங்க கொண்டாந்து மடியில போட்டாளுங்க. வாணாம்னா அடிக்க வர்றாளுங்க.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அங்க இருந்து இன்னா பண்ணுவ? பதறுவ. அவ்ளோதான?” என்றாள். பிறகு குரல் தணிந்தது. “அத வுடு. நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. தை மாசம் கவிதாவுக்கு வயித்துல ஆப்பரேசன் ஆச்சே, அன்னிக்குப் புள்ளய யாராண்ட வுட்டுட்டுப் போன?”

யாரிடமும் விடவில்லை. இலக்கியாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கவிதாவை உள்ளே கொண்டுபோன நேரம் முழுவதும் அவள் நடைக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்ப்பதா, கதவைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவிடம் அதை வேடிக்கைபோலத்தான் சொல்லியிருந்தேன். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

“தட்டறதுக்கு ஒரு கதவு இல்ல அங்க உனக்கு. நெனச்சா எனக்குத் தூக்கம் வர்றதில்ல” என்றாள். “நான் வுழுந்தா தூக்கறதுக்கு ஆளு கீறாங்க. நீ வுழுந்தா யாருடா தூக்குவாங்க?”

கவிதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “அத்தை என்ன சொல்றாங்க? வர்றாங்களா?” என்று கேட்டாள்.

“வரல” என்றேன். “நாம விழுந்தா யாரு தூக்குவாங்கன்னு கேக்கறாங்க.”

போனை அவளிடம் நீட்டினேன்.